பச்சைப் பிள்ளைக்கு மூன்று கரண்டி நீர்

துபாய்க்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் மகள் வாசுகியிடம் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளப் போனேன். பதினான்கு நாள் விசா. வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லிவிடுவது என்றுதான் விமானத்தில் நினைத்திருந்தேன். சொன்னது ஒன்பதாம் நாள். இடைப்பட்ட நாட்களில் வேளை தவறாமல் சாப்பிட்டேன், படகேறினேன், வழி தவறினேன். கோழையாகவும் இருந்தேன்.

பொய் இதுதான். மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் நான். பௌத்தம் பாடம் எடுக்கும் நாளில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் வந்து ஜன்னலோரம் நிற்பார்கள். அப்படிப்பட்டவனின் மகள், துபாய்க்கு ஆய்வக வேலைக்குப் போன இடத்தில், லிம் என்ற மலேசியச் சீனப் பொறியாளரை மணந்துகொண்டாள். அவர் பௌத்தர். எனக்கோ அவர் சாதியில்லாதவர், கண்டதைத் தின்கிறவர், அவ்வளவுதான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரட்டுமா என்று வாசுகி எழுதிக் கேட்டாள். வராதே என்று பதில் போட்டேன். அங்கேயே பெற்றாள். ஆண் குழந்தை. மூன்றாம் நாள் இறந்துவிட்டது. அன்றைக்கு அவள் அம்மாவின் பெயரைக் குறிப்பிட்டு எங்கள் வீட்டுக்கு டிரங்க் கால் போட்டாள்.

போனை எடுத்தது நான். "துபாயிலிருந்து விசாலாட்சி அம்மாளுக்கு சார். இருக்காங்களா?" என்றாள் எக்ஸ்சேஞ்ச் பெண். என் மனைவி விசாலம் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். "இருக்காங்க. பேச இஷ்டமில்லைன்னு சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டேன்.

குழந்தை இறந்தது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து உறவினர் ஒருவர் மூலமாகத் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் எதையும் திருத்தவில்லை. "இவ்வளவு நடந்திருக்கு, பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையே அவளுக்கு" என்று விசாலம் அழுதாள். கடிதம் எழுத விலாசம் கேட்டாள். தெரியாது என்றேன். விலாசம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. ஏழு வருடம் கழித்து அவள் இறந்தபோது தந்தி கொடுத்தேன். வாசுகி வரவில்லை.

அதற்கும் இரண்டு வருடம் கழித்து, தொண்ணூற்றைந்து மே மாதம், மாப்பிள்ளை லிம்மிடமிருந்து விசாவும் ஒரு கடிதமும் வந்தன. தன் தாயும் மலேசியாவிலிருந்து வருகிறார், பேத்திக்கு ஆறு வயதாகிறது, தாத்தாவைக் கேட்கிறாள், வாருங்கள் என்று எழுதியிருந்தார்.

விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக வாசுகியே வந்திருந்தாள். தலையில் நரை. "இளைச்சுட்டீங்கப்பா" என்று பெட்டியை வாங்கிக்கொண்டாள். கதவு திறந்ததும் முகத்தில் அடித்த வெக்கையில் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து மறைத்தது. ஒரு நிமிடம் குருடனாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம்.

அவர்கள் வீடு கராமாவில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடி. எதிர்ச் சாரி முழுக்க ஏசிப் பெட்டிகளின் முதுகுகள், அவற்றிலிருந்து சொட்டும் நீர், கைப்பிடிச் சுவரில் காயும் லுங்கிகள். கீழே இரண்டு மலையாளி மளிகை, ஒரு உடுப்பி ஓட்டல், ஒரு முடிதிருத்தகம். காலையில் சாம்பார் வாசனை ஏறி வரும்போது மன்னார்குடி கீழப்பாலத்தில் நிற்பதுபோலவே இருக்கும். ஜன்னலைத் திறந்தால்தான் அனல் வந்து உண்மையைச் சொல்லும்.

கூடத்தில் லிம்முடைய தந்தையின் படம், அதன் முன் மூன்று ஆரஞ்சுப் பழங்கள். விசாலத்தின் படம் இல்லை. வீடு முழுவதும் கண்ணால் துழாவிவிட்டேன். ஒன்றுகூட இல்லை.

முதல்நாள் சாப்பாட்டில் வாசுகி தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "நீங்க வராதேன்னு நேராவே எழுதினீங்க. அது கோவம். கோவம் ஆறும்னு தெரியும்ப்பா."  என்னை அவள் மன்னித்துவிட்டிருந்தாள். மன்னிக்காதது அவள் அம்மாவை.  உண்மையைச் சொன்னால் விசாலத்துக்கு மகள் திரும்பக் கிடைப்பாள், நான் இழப்பேன். சாம்பார் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.

லிம்மின் தாய்க்கு எழுபது வயதிருக்கும். ஈப்போ பக்கம் ரப்பர்த் தோட்டத்து வாசலில் நாற்பது வருடம் மளிகைக் கடை நடத்தியவர். கடை முதலாளியை அங்கே தவுக்கே என்பார்களாம். தோட்டத்துத் தமிழர்கள் இவரைத் தவுக்கேம்மா என்றே அழைத்திருக்கிறார்கள். அவர்களிடம் கற்ற தமிழில், சில சமயம் கடைசியில் ஒரு மலேசிய 'லா' சேர்த்துப் பேசினார். வாசுகியும் அப்படித்தான் கூப்பிட்டாள். நான் சீனச் சமையலை நினைத்து ஊரிலிருந்தே பொரிவிளங்காய் உருண்டை எடுத்துப்போயிருந்தேன். அவர் ரசம் வைத்தார், இஞ்சி தட்டிப் போட்டு. "புத்தர் பொறந்த மாசம். மீன் இல்ல, கோழி இல்ல. பயப்படாம சாப்புடு ஐயா" என்றார். நான் பயந்ததைக் கவனித்திருக்கிறார்.

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. தனியாகக் கீழே இறங்கினேன். உடுப்பி ஓட்டலில் எனக்கெதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தார். புதுக்கோட்டைப் பக்கத்து ஆள், கட்டட வேலை. நான் ஊரிலிருந்து நேற்று வந்தவன் என்று என் செருப்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். கேம்ப்பிலிருந்து பஸ் ஏறி இட்லிக்காக வந்தாராம். இட்லிக்கு மட்டுமல்ல, போனுக்கும். ஓட்டலுக்கு வெளியே டெலிபோன் கூண்டு, அதன் முன் நாற்பது பேர். உள்ளே ஒருவன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு "கேக்குதா, கேக்குதா" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"எங்க வீட்டுல போன் இல்லங்கய்யா. பக்கத்து வீடுதான். போன வாரம் பண்ணுனேன். அவ இல்லைன்னு வச்சுட்டாங்க. இருக்காளா இல்லையான்னு நமக்கு எப்புடித் தெரியும்? எடுக்குறவன் சொல்றதுதானே" என்றார் அவர், சட்னியைத் தொட்டுக்கொண்டே.

நான் பாதி இட்லியோடு எழுந்துவிட்டேன். தெருவில் வெயில் ஊசியாகக் குத்தியது. அன்று மாலை சொல்லிவிடுவது என்று மாடியேறினேன். மாலையில் பேத்தி மெய்லின் தன் பள்ளிப் படங்களைக் காட்டினாள். ஆங்கிலம்தான் பேசுவாள். "அம்மாவுடைய அம்மா எப்படி இருப்பார்?" என்று கேட்டாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. குள்ளமாக இருப்பாள், நன்றாகச் சிரிப்பாள் என்றேன். பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்கியது, முன்னைவிட ஓங்கி.

இப்படியே நாட்கள் போயின. இரவில் ஏசி இரைச்சலில் தூக்கம் பிடிக்காது. நாளை, நாளை என்று எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன்.

எட்டாம் நாள் தவுக்கேம்மா என்னைக் கடைக்கு அழைத்தார். மறுநாள் வெள்ளியன்று வீட்டில் புத்தர் குளியல். நண்பர்கள் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். சந்தனம், பன்னீர், பூ வேண்டும். இருவருமாக டாக்சியில் கிரீக் என்கிற கடற்கழியின் கரைக்குப் போய் அப்ராவில் ஏறினோம். மரப்படகு, நடுவில் பெட்டிபோல எஞ்சின், சுற்றிலும் முதுகோடு முதுகொட்டி உட்கார்ந்த ஆட்கள், பிடித்துக்கொள்ளக் கம்பிகூடக் கிடையாது. படகோட்டி காலால் சுக்கானைத் திருப்பிக்கொண்டு கையால் டீ குடித்தான். நான் தவுக்கேம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டேன்.

எதிர்க்கரைத் தெய்ராவில் வாசனைச் சரக்குக் கடை வைத்திருந்தவர் கீழக்கரைக்காரர். மன்னார்குடி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம மச்சான் கூத்தாநல்லூர்லதான் கட்டியிருக்காரு மாமா, உக்காருங்க" என்று ஸ்டூல் போட்டார். சந்தனம் எதற்கு, பூஜைக்கா என்று விசாரித்தார். வெளிநாட்டில் வீட்டுக்குள் சிலை வைத்துக் கும்பிடுவதைப் பற்றிக் கண்டவரிடம் சொல்ல வேண்டாம் என்று லிம் எச்சரித்திருந்தார். குழந்தையைக் குளிப்பாட்ட என்றேன்.

"மாஷா அல்லா. பேரனா, பேத்தியா?"

"பேரன்."

"எத்தனை நாளு புள்ள?"

"மூணு நாள்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. கடைக்காரர் எங்களுக்குத் தேநீர் தருவித்து, பிள்ளைக்குத் தன் பங்காக இருக்கட்டும் என்று ஒரு பன்னீர்ப் புட்டியைப் பையில் போட்டார். தவுக்கேம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். 

திரும்பும்போது தவறான படகில் ஏறிவிட்டோம். அக்கரையில் படகுத்துறை இரண்டு இருப்பது எனக்குத் தெரியாது. நடுநீரில் தவுக்கேம்மா மெதுவாகப் பேசத் தொடங்கினார். "வாசு சொல்லிச்சு. புள்ள செத்த அன்னைக்கு அது அம்மாவுக்குப் போன் போட்டுச்சாம். அம்மா பேச மாட்டேன் சொல்லிட்டாங்களாம். நான் கடையில எத்தனை அம்மா பாத்தேன் ஐயா. குடிகார அம்மா, அடிக்கிற அம்மா. அப்படி ஒரு அம்மா பாக்கல லா. கல்லு. உன் சம்சாரம், கோவிச்சுக்காதே, கல்லு."

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத ஒருத்தியை, அவளைக் கண்டிராத ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கல் என்கிறார். மறுத்திருக்க வேண்டும். படகு கரையில் இடித்தது. தெரியாத துறை. வெயிலில் அரை மைல் நடந்தோம். டாக்சி கிடைத்தபோது மல்லிகை வதங்கிவிட்டிருந்தது. ஓட்டிய பட்டாணியர் எங்களைக் கணவன் மனைவி என்று நினைத்து, இந்த வயதில் மனைவியை வெயிலில் நடக்கவைக்கலாமா என்று இந்தியில் என்னைக் கடிந்துகொண்டார். தவுக்கேம்மா சிரித்தார். என்னால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மலேசியக் குடும்பங்கள் மூன்று, தாய்லாந்து நர்ஸ்கள் இருவர், லிம்முடன் வேலை பார்க்கும் சிங்களவர் ஒருவர். செருப்புகள் வெளியே குவியாதபடி லிம் உள்ளே எடுத்து அடுக்கினார். கூடத்தின் நடுவில் மேசை. அதன்மேல் அகன்ற பீங்கான் தாம்பாளத்தில் சந்தனமும் பன்னீரும் கலந்த வெதுவெதுப்பான நீர், அதில் மல்லிகையும் ரோஜா இதழும். நீர் நடுவே ஒரு சாண் உயர வெண்கலக் குழந்தை. இடுப்பில் சிறு துணி. ஒரு கை வானத்தையும் ஒரு கை பூமியையும் காட்டுகிறது. பிறந்தவுடன் எழுந்து நின்ற சித்தார்த்தன். வானத்திலிருந்து நாகங்கள் நீர் பொழிந்து குளிப்பாட்டின என்று நான் எத்தனையோ முறை வகுப்பில் சொன்ன கதை.

பக்கத்தில் நீளக் காம்பு வைத்த சின்னக் கரண்டி. ஒவ்வொருவராக வந்து மூன்று முறை நீர் மொண்டு ஊற்றிக் கும்பிட்டுப் போனார்கள். என் முறை வந்தது. கரண்டியை நான் கவனிக்கவில்லை. எங்கள் பக்கத்து வயல்வெளிகளில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த கல் புத்தர்கள் உண்டு. மழை பொய்த்தால் குடியானவர்கள் குடம் குடமாகத் தலையில் ஊற்றுவார்கள். மாணவர்களை அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில், மேசைமேல் இருந்த நீர்ச் செம்பை இரு கையாலும் எடுத்துக் குழந்தையின் உச்சந்தலையில் முழுவதும் கவிழ்த்துவிட்டேன். தாம்பாளம் வழிந்தது. பூவெல்லாம் கம்பளத்தில். அதோடு நிற்காமல் வழிந்த நீரைக் கையில் ஏந்தித் தீர்த்தமாகக் குடித்தும் விட்டேன். மெய்லின் சிரித்தாள். மற்றவர்கள் மரியாதைக்குத் தரையைப் பார்த்தார்கள்.

தவுக்கேம்மா துண்டால் மேசையைத் துடைத்தார். "ஐயா, சாமிக்கு அழுக்கு இல்ல. அது இப்பதான் பொறந்துச்சு, என்ன அழுக்கு? அழுக்கு நம்மகிட்டதான். நீ ஊத்துறது அதுக்கு இல்ல, உனக்கு. மொதல் தண்ணி, கெட்டது செய்ய மாட்டேன். ரெண்டாவது, நல்லது செய்வேன். மூணாவது, எல்லாருக்கும் நல்லது ஆகட்டும். மெதுவா, தோள்ல ஊத்து" என்று கரண்டியைக் கையில் கொடுத்தார்.

முப்பது வருடம் நான் பாடமாக நடத்தியதை அவர் மளிகைப் பொட்டலம்போல மடித்துக் கொடுத்துவிட்டார். நீரை மொண்டு மறுபடி தலைப் பக்கமே கொண்டுபோனேன். வாசுகி பக்கத்தில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக் குழந்தையின் தோள் பக்கம் திருப்பினாள்.

"தலையில ஊத்தாதீங்கப்பா. மூக்குல ஏறிடும்" என்றாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "அவனை ஒரு தடவைகூட நான் குளிப்பாட்டல. கண்ணாடிப் பெட்டிக்குள்ளயே வச்சிருந்தாங்க. வருஷா வருஷம் இது மேல ஊத்துறேன். நம்ம ஊரா இருந்தா அம்மா கால் நீட்டி உக்காந்து ஊத்தியிருப்பா. அவளுக்குத்தான் இஷ்டமில்லையே" என்றாள்.

கெட்டது செய்ய மாட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் அந்தக் கரண்டியைச் சாய்க்க வேண்டும். அவள் கை என் கையைப் பிடித்திருக்க, நான் அதைச் சாய்த்திருந்தால் அது இன்னொரு பொய். கரண்டியைக் கீழே வைத்தேன். கொஞ்சம் உள்ளே வா என்று அவளைச் சமையலறைக்கு அழைத்துப்போனேன்.

இட்லிக் கொப்பரையில் தவுக்கேம்மாவின் இனிப்புப் பயறு வைத்த சீன ரொட்டிகள் ஆவியில் வெந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். போனை எடுத்தது நான், அம்மா கொல்லையில் இருந்தாள், பேச இஷ்டமில்லை என்று சொன்னது நான். விலாசத்தை மறைத்ததையும் சொன்னேன். கோபத்தில் செய்துவிட்டேன் என்று சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டேன். கோபம் ஒரு நாள்தான் இருந்தது. மற்ற ஏழு வருடமும் அகப்பட்டுக்கொள்வோமே என்ற பயம்.

வாசுகி அடுப்பை அணைத்தாள்.

"நான் கூப்பிட்டது அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

அவள் ரொட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினாள். ஒன்று உடைந்தது, அதைத் தனியே வைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய் விருந்தினர்களுக்குப் பரிமாறினாள். எல்லோரும் போன பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன்பின் நான்கு நாட்கள் அவள் என்னிடம் பேசவில்லை. சாப்பாடு மேசைக்கு வந்தது. டீ ஆறிவிடும் என்று சொல்லச் சொன்னாள் என லிம் வந்து சொல்வார். அவர் முகத்தில் வெறுப்பு இல்லை. எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஏதாவது விடுதிக்குப் போய்விடட்டுமா என்று கேட்டேன். விசா தன் பொறுப்பு, இங்கேயே இருங்கள் என்றார். அவள் எந்த நிமிடம் கதவைத் திறந்துகொண்டு வந்து என்ன சொல்வாளோ என்று, ஒவ்வொரு தாழ்ப்பாள் சத்தத்துக்கும் எழுந்து நின்றேன்.

வந்தது தவுக்கேம்மா. "செத்துப்போனவங்களைக் கல்லுன்னு சொல்ல வச்சுட்டே ஐயா. பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்தே" என்றார். குரல் உயரவே இல்லை. ஊதுபத்தி மூன்று கொளுத்தி, படம் இல்லாததால் வெறும் சுவரைப் பார்த்து நின்று, விசாலத்திடம் சீன மொழியில் நெடுநேரம் ஏதோ சொல்லி, மூன்று முறை குனிந்தார். நானும் பின்னால் நின்று குனிந்தேன். அவர் தடுக்கவில்லை.

பதினான்காம் நாள் காலை வாசுகியே காரை எடுத்தாள். பாலத்தில் நெரிசல், வண்டிகள் நகரவில்லை. நான் மடியில் பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விமானம் தவறிவிடுமோ என்று பயந்தேன். தவறிவிடட்டும் என்றும் நினைத்தேன்.

"மன்னிப்புக் கேட்காதீங்க. குடுக்க என்கிட்ட இல்ல" என்றாள் அவள், சாலையைப் பார்த்தபடி. பிறகு, "அம்மா என்ன பண்ணிட்டு இருந்தா? அந்த ஏழு வருஷம்" என்று கேட்டாள்.

சொன்னேன். போன் மணி அடித்தால் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு விசாலம் நிலைப்படி வரைக்கும் வருவாள். எடுக்க மாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள். உனக்கில்லை என்று தலையசைப்பேன். திரும்பிப் போய்விடுவாள். இறந்த வருடம்வரை வந்தாள்.

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். வாசுகி வண்டியை நகர்த்தவில்லை. "இன்னும்" என்றாள். சொன்னேன். அம்மாவுக்குச் சர்க்கரை வந்தது, கண் மங்கியது, பக்கத்து வீட்டுக் குழந்தைகளையெல்லாம் கால் நீட்டிக் குளிப்பாட்டிவிட்டது. விமான நிலையம் வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு, மீண்டும் வரும்படியோ வராதிருக்கும்படியோ எதுவும் சொல்லவில்லை. "ஊருக்குப் போய் எழுதுங்க. உங்களைப் பத்தி வேண்டாம். அம்மாவைப் பத்தி" என்றாள்.

வாரம் ஒரு கடிதம் எழுதுகிறேன். விசாலம் எந்தக் கீரையை விரும்பினாள், எந்த அண்டை வீட்டாருடன் சண்டை, பேரன் இறந்த செய்தி கேட்டபின் எத்தனை நாள் உண்ணாமலிருந்தாள், எல்லாம். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன். தெரியாதது நிறைய இருக்கிறது. இன்றுவரை ஒரு கடிதத்துக்கும் பதில் வரவில்லை. அனுப்பியதில் ஒன்றும் திரும்பி வரவும் இல்லை.